அத்தை சொன்ன அத்தியாயம்

ஹட்டன்
2023 டிசெம்பர் 31

அன்பின் மச்சான்,

சிவனொளிபாத மலை சீசன் போன பௌர்ணமியோடு தொடங்கிவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனுக்கு இனி ராத்தூக்கம் கிடையாது, கோச்சி வந்து நின்றதும் கம்பளிக் குல்லாவும் பொட்டலமுமாக ஒரு கூட்டம் இறங்கி மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று தெரியும்.

விஷயம் இதுதான். வருடக் கடைசியில் பத்திரிகைகளில் சில பேரிடம் இந்த வருடம் வாசித்ததில் மனதில் நின்ற புத்தகம் எது என்று கேட்டுப் போடுவார்களே, இந்த முறை ஒரு ஞாயிறு இதழில் மூன்று பேர் நம் நாவலைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. அதில் ஒருவர் பண்டாரவளைப் பக்கம் படிப்பிக்கிற டீச்சர். இங்கிருந்து கப்பலில் போனவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் கேம்ப் வருகிற அத்தியாயத்தை வாசித்துவிட்டு, எழுபதுகளில் இந்தியாவுக்குப் போன தன் பெரியப்பா குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று முதல் தடவையாக அப்பாவிடம் கேட்டாராம். அவ்வளவு நாளும் வாய் திறக்காத மனிதர் இரண்டு மணி நேரம் பேசினாராம்.

மச்சான், அந்த அத்தியாயம் முழுக்க அத்தை சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும்.

2018இல் நான் எழுதி முடித்தபோது அது நாவலில் இல்லை. அப்போது கதை இந்த ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும். 1981இல் உங்களை வழியனுப்ப வந்த எனக்கு வயது 13, பிளாட்பாரத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து வைத்த ஒப்பாரியும், கோச்சி ரொசல்லைப் பக்கம் திரும்பி மறைந்ததும்தான் நான் கண்ணால் பார்த்தது. பொல்காவலையில் மாறினீர்கள், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போனீர்கள், ராமானுஜம் கப்பலில் ஏறினீர்கள் என்பதெல்லாம் கேள்விப்பட்டது மட்டுமே. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்ட கணக்கைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் கரையேறிய ஒருத்தி மறுநாள் காலையில் எங்கே நின்று தேத்தண்ணி குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதப் பயந்து, கோச்சியோடு கதையை நிறுத்தியிருந்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் தடை மேல் தடை. முதலில் போடுகிறோம் என்று வாங்கிய ஒரு பதிப்பகம் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுப் பதிலே சொல்லவில்லை. பிறகு கொரோனா. பிறகு 2022, அந்த வருடத்தைப் பற்றி உனக்கு வட்ஸ்அப்பில் புலம்பியது போதும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரத்தில் யார் நாவல் அச்சடிப்பார்கள்? அச்சகத்தில் போன கிழமை சொன்ன விலை இந்தக் கிழமை இருக்காது. கடைசியில் வீட்டில் இருந்த சங்கிலியை அடகு வைத்து, இந்த ஜூனில் 300 பிரதி போட்டோம்.

இதில் ஒன்றை நான் இப்போதுதான் சரியாக யோசித்துப் பார்க்கிறேன். புத்தகம் 2019இலேயே வந்திருந்தால் அத்தை குரல் அதில் இருந்திருக்காது. 2021இல் இங்கேயும் அங்கேயும் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில், நீ ஃபோனைக் கையில் பிடித்துக்கொடுக்க, கோத்தகிரியில் இருந்து அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி அனுப்பியதெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னால் நாய் குரைக்கும், குக்கர் சத்தம் போடும், அத்தை நிறுத்தாது. தோட்டத்தில் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மண்டபத்து வெயிலில் நின்றது, போட்டிருக்கிற கோட்டைக் கழற்றமாட்டேன் என்று நீ அழுதது, தண்ணீரில் உப்புக் கரித்தது. சொந்த ஊர் எது என்று கேட்ட ஆபீசரிடம் போகவந்தலாவை என்று அத்தை சொல்ல, அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் தாத்தா பிறந்த, அத்தை கண்ணாலும் காணாத திருச்சிப் பக்கத்து ஊரை எழுதியது. அங்கேயும் தேயிலை இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பெட்டியில் இடமில்லாமல் கொழுந்துக் கூடையைக் கையிலேயே தூக்கி வந்தது, அதே கூடையோடு டான்டீ என்கிற தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்து மலையில் முதல் நாள் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றது.

இதில் எதை நான் கற்பனை செய்திருக்க முடியும்? பேர்களை மாற்றினேன், முன்னே பின்னே அடுக்கினேன், மிச்சமெல்லாம் அத்தையின் பேச்சு. அதை அச்சில் பார்க்க அத்தை இல்லாமல் போனது இந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2022 ஆவணியில் நீ செய்தி சொன்ன அன்றைக்கு இங்கே பெற்றோல் வரிசை, மழை, நான் ஒன்றும் பேசாமல் ஃபோனை வைத்துவிட்டேன். அதற்காக இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நன்றி சொல்லவேண்டிய ஆட்கள் நிறைய. தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நம் சனம் ஜூலை ஓகஸ்டில் நடந்ததே, நம் ஆட்கள் இந்தத் தோட்டங்களுக்கு வந்த 200 வருடத்தை நினைத்து, அதில் கடைசி நாள் நானும் மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பையில் கொண்டுபோன 20 புத்தகமும் நடந்து வந்த பிள்ளைகளிடமே போய்விட்டது. அந்த நடை இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தை இத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் பத்திரிகையில் வந்ததைவிட என்னை அசைத்தது வேறு. நம் பழைய டிவிசனில் மேல் லயத்து வரிசை வீட்டின் முன்திண்ணை இஸ்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிள்ளை நாவலைச் சத்தமாக வாசிக்கிறாள், ஏ.எல். படிக்கிற பிள்ளை, சுற்றி ஏழெட்டுப் பெண்கள், பெரும்பாலும் கொழுந்து எடுக்கிறவர்கள். போன கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபம் அத்தியாயம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு ஒரு வயசான அம்மா, அத்தையோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவராம், என்னைப் பார்த்து, "அந்தக் கூடை இப்ப எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லாமலே அது யார் கூடை என்று தெரிந்திருந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை மச்சான். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பத்திரிகைத் துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், அத்தை படத்துக்குக் கீழே வை. புத்தகம் இரண்டு பிரதி, தை மாதம் திருச்சிக்கு வருகிற ஒரு சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஒன்று உனக்கு, ஒன்று தங்கச்சிக்கு. ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் விட்ட கப்பல் சில நாளிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஓடத் தொடங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, மேல் லயத்தில் சாப்பாடு போடக் காத்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் கூடையைத் தேடிப் பார். பரணிலோ கோழிக்கூட்டுப் பக்கமோ கிடந்தால், உடைந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

உன் மச்சான்