எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய மேற்பார்வையாளர்களுக்கும் நூலகத்தாருக்கும் தோட்டத்து மக்களுக்கும்,

பேராதனைப் பல்கலைக்கழகத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களின் வரலாற்றைக் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராயும் மாணவர்கள் நாங்கள். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் "அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், நீங்கள் செய்தது இன்னதென்று அடுத்து வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் விரித்தே எழுதுகிறோம்.

மேற்பார்வையாளர்களே, சந்திப்பு முடிந்த அன்றே நான்கு வரி மின்னஞ்சல் கேட்டீர்கள்: என்ன முடிவானது, எதைக் கைவிட்டோம், யார் எதை எப்போது தருவது. அது இல்லையென்றால் மூன்று மாதத்தில் மாணவர் மனதில் ஒன்றும் ஆசிரியர் மனதில் வேறொன்றும் நிற்கும். ஒரு இயலே வீணாகும். ஏழு வருடச் சேவைக்குப் பிறகு ஆசிரியர் சபெட்டிக்கல் என்ற நீண்ட ஆய்வு விடுமுறையில் போகும்போது, இணை மேற்பார்வையாளர் தொடர்வதும் அந்த மின்னஞ்சல்களை வைத்துத்தான். அந்த இரண்டாமவரை முதலாண்டிலேயே சேர்க்கச் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி.

வரைவின் தலைப்பில் "வாதத்தை மட்டும் பாருங்கள்" என்று எழுதித் தரப் பழக்கினீர்கள். எழுதாவிட்டால் திருத்தமெல்லாம் எழுத்துப்பிழையிலேயே நின்றுவிடும். வாதத்தின் ஓட்டை வாய்மொழிப் பரீட்சையில்தான் வெளிப்படும்.

பழைய ஆங்கிலப் பதிவேடுகளில் ராமசாமி என்ற ஒரே பெயர் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். எழுத்துவேறுபாடுகளை ஒரு தாளில் வரிசைப்படுத்திக்கொண்டு தேடச் சொன்ன நூலகத்தாருக்கு நன்றி. தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுத்த "துண்டு" முறை 1921இல் ஒழிக்கப்பட்டது; அதற்கு முந்திய கடனையும் பிந்திய கடனையும் ஒரே அட்டவணையில் கூட்டக்கூடாது என்று தடுத்தவர்களுக்கும் நன்றி.

களப்பணிக்கு அறநெறிக் குழுவின் அனுமதியும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் முதலில் வேண்டும். அவை கிடைத்தாலும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது, யாரும் மனதிலுள்ளதைச் சொல்வதில்லை. பறித்த கொழுந்தை எடை போட்டு, வீடு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிய பிறகு வாருங்கள் என்று நேரம் சொன்னவர்கள், தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் வாழும் பெண்கள். "தகவலறிந்த சம்மதம்" என்ற எங்கள் படிவத்தைக் கேட்டுவிட்டு, "வேணாம்னா எப்பயும் நிறுத்திக்கலாம், பேரு எழுத மாட்டோம்னு சொல்லுங்க, போதும்" என்று திருத்தியவர்களும் அவர்களே. இப்போது படிவத்தில் அந்த வரிதான் இருக்கிறது.

எழுதி முடித்த இயல்களை லயத்துக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டுவோம். பிழை இருந்தால் அப்போதும் திருத்துங்கள்.

நன்றியுடன்,
மலையக ஆய்வு மாணவர்கள், பேராதனை