முந்தைய உரிமையாளரின் பூட்டு நீக்கப்படாமல் விற்கப்பட்ட போன்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர், புதுப்பிக்கப்பட்ட கைபேசிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது) செய்தாலும் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும் பாதுகாப்புப் பூட்டு நீக்கப்படாத போனை விற்றது, பூட்டை வெளிக்கடையில் உடைத்துக்கொள்ளச் சொன்னது.

ஐயா / அம்மையீர்,

நர்சிங் கல்லூரியில் சேரும் என் மகளுக்காக, 'புதுப்பிக்கப்பட்டது, முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்று நீங்கள் விளம்பரம் செய்திருந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மொழியைத் தேர்ந்தெடுத்து வீட்டு வைஃபையில் இணைத்ததும், அதற்கு மேல் நகர மறுக்கிறது. இந்தப் போன் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது, முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொடுங்கள், அல்லது பழைய திரைப்பூட்டின் எண்ணைப் போடுங்கள் என்று கேட்கிறது. அந்தக் கணக்கு யாருடையது என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் முதலில் இது மென்பொருள் சிக்கல், உத்தரவாதத்தில் வராது என்றார்கள். பிறகு பேசியவர், பக்கத்தில் உள்ள மொபைல் கடைக்குக் கொண்டுபோனால் சில நூறு ரூபாயில் பூட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றார். இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்த இரண்டாவது பதில்தான்.

போன் பழுதாகவில்லை. திருடர்களிடமிருந்து உரிமையாளரைக் காக்க அது எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொள்கிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்புடன் வந்த பாதுகாப்பு இது. ஐபோனில் இதே போன்ற பூட்டு அதற்கு முன்பே, 2013-இல் வந்துவிட்டது. போனில் கூகுள் கணக்கைச் சேர்த்துத் திரைப்பூட்டும் போட்டுவிட்டால் இது தானாகவே இயங்கத் தொடங்கும். போனை வழிப்பறி செய்தவன் பவர் பொத்தானையும் ஒலி பொத்தானையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் அழித்தாலும், இந்தப் பூட்டுக்கான விவரம் அழியாது. ரீசெட் தொடாத தனிப் பகுதியில் அது இருக்கிறது. அதனால் திருடிய போனைத் தன் போனாக மாற்றிக்கொள்ள அவனால் முடிவதில்லை.

உண்மையான உரிமையாளருக்கோ இதை நீக்குவது சில நிமிட வேலை. திரைப்பூட்டைத் திறந்து, செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதே செட்டிங்ஸுக்குள்ளிருந்தே ரீசெட் கொடுத்தால் போதும். ரீசெட் செய்பவருக்குத் திரைப்பூட்டின் எண் தெரிந்திருப்பதால், உரிமையாளரே இதைச் செய்கிறார் என்று போன் ஏற்றுக்கொண்டு பூட்டை விடுவித்துவிடும். சில நிறுவனங்களின் போன்களில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் பழைய போனை வாங்கும் உங்கள் ஊழியர், அதைக் கொடுப்பவர் எதிரில் நிற்கும்போதே இவற்றைச் செய்யச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த போனில் அது நடக்கவில்லை. பொத்தான்களை அழுத்தி யாரோ அழித்திருக்கிறார்கள்; வரவேற்புத் திரை வந்ததும் சோதனை முடிந்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் இணைத்து முகப்புத் திரை வரை போய்ப் பார்த்திருந்தால் பூட்டு இருப்பது உங்கள் கிடங்கிலேயே தெரிந்திருக்கும். முழுமையான சோதனை என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக்கூடச் செய்யாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிக்கடையில் பூட்டை உடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் எங்காவது ஓட்டை இருந்தால் அதன் வழியே புகுந்துதான் அதைச் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு 15-லிருந்து அந்தக் குறுக்குவழியும் கடினமாகிவிட்டது. தொடக்க அமைப்பைத் தாண்டிக் குதித்தாலும் புதிய கணக்கைச் சேர்க்கவோ புதிய திரைப்பூட்டு போடவோ போன் அனுமதிக்காது. அது எளிதாக நடந்தாலும் நான் செய்யமாட்டேன். ஆர்.சி. புத்தகம் இல்லாத பைக்கை விற்றுவிட்டு, எண் பலகையை மாற்றி ஓட்டிக்கொள் என்று சொல்வதைப் போன்ற யோசனை அது. நாளை என் மகளின் போன் பஸ்ஸில் திருடு போனால், அதைப் பாதுகாக்கப்போவதும் இதே பூட்டுதான்.

இந்தப் போன் உங்களிடம் எப்படி வந்தது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருந்த ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி வசதியில், 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்த்தேன். முடக்கப்பட்டதாகப் பதிவு இல்லை. தொலைத்தவர் முடக்கக் கோரியிருந்தால்தான் அதில் தெரியும். அப்படி ஒரு வசதி இருப்பதையே அறியாமல் போனைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே இந்த ஐஎம்இஐ எண் கொண்ட போன் எக்ஸ்சேஞ்சில் முறைப்படி உங்களிடம் வந்ததுதான் என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்யுங்கள். முந்தைய உரிமையாளரின் பெயரோ முகவரியோ எனக்கு வேண்டாம்.

மாற்றுப் போனை ஏற்க நான் தயாராக இல்லை. இதே சோதனையில் தேறிய இன்னொரு போன் மீது எனக்கு நம்பிக்கை வராது. உங்கள் செலவில் போனை எடுத்துக்கொண்டு, 11,500 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். பூட்டை வெளியில் உடைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வதை உங்கள் சேவை மையம் உடனே நிறுத்த வேண்டும். இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் நீங்கள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தவறினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது நகலும், கணக்கைக் கேட்டு நிற்கும் திரையின் படமும் இணைத்திருக்கிறேன். போனைத் திருப்பி எடுக்க உங்கள் ஆள் எந்த நாளில் வருவார் என்பதை மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்