போல்ட்டை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தலுக்காகக் காவல் நிலையங்களில் ஒப்படைத்த துப்பாக்கிகளை உரிமதாரர்கள் திரும்ப வாங்கிப் போகிறார்கள் என்று சென்ற வாரம் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். படத்தின் கீழே ‘ரைஃபிள்கள்’ என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். பதினொன்றில் பத்து, பன்னிரண்டு போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல். ரைஃபிள் என்றால் குழலுக்குள் மரை போலச் சுற்றிப் போகும் பள்ளம் இருக்க வேண்டும். குண்டைப் பம்பரமாகச் சுழற்றி நேரே அனுப்புவது அதுதான். பன்னிரண்டு போரின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். அதிலிருந்து போவது சிதறும் ஈய ரவை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது, மண்வெட்டியையும் கடப்பாரையையும் ஒன்றென்று சொல்வது மாதிரி.

இதற்காக மட்டும் ஒரு கடிதமா என்று கேட்காதீர்கள். விஷயம் வேறு: நிலையத்தில் ஒப்படைத்த என் ரைஃபிளின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தைப் பூட்டும் இரும்புத் தாழ், மாறிப்போனது.

நான் 24 வருடம் ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் (தளவாடங்களைப் பழுது பார்க்கும் பிரிவு) ஆர்மரராக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஆர்மரர் வேலை சுடுவது இல்லை, சுடுகிறவனுடைய ரைஃபிளுக்கு வைத்தியம் பார்ப்பது. இப்போது குடியாத்தம் பக்கம் நிலக்கடலை போடுகிறேன். உரிமத்தோடு ஒரு .315 ரைஃபிள் (எண், குழலின் அளவு அங்குலத்தில்) வைத்திருக்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதைக் காட்டி எந்தப் பன்றியையும் பயமுறுத்தக்கூட முடியாது என்பது வேறு கதை.

2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்தது. போனால் நிலையத் திண்ணையில் ஏழெட்டுப் பேர். எழுத்தர் வரும்வரை வேறென்ன பேச்சு இருக்கும்? யாருடையது உசத்தி என்றுதான்.

என் பக்கத்தில் மாந்தோப்புக்காரர் ஒருவர். அவரிடம் முன்பு மூன்று இருந்தன: தாத்தா காலத்து டபுள் பேரல், ஒரு .22, ஒரு .30-06. ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி இரண்டாக்கினார்கள். (ஒன்றுதான் என்று முதலில் மசோதா வந்தது, நல்லவேளை.) எதை விடுவது? மனுஷன் இரண்டு மாதம் தூங்கவில்லையாம். கடைசியில் .22 போனது. “தோளில் இடிக்கவே இடிக்காதுங்க, என் பொண்ணு அதிலதான் குறி பார்க்கப் பழகினா” என்று இன்னும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வைத்துக்கொண்ட .30-06 அமெரிக்க ராணுவம் 1906-இல் எடுத்த தோட்டா, பேரிலேயே வருஷம் இருக்கிறது. வலு அதிகம், அதற்கேற்ற உதையும் உண்டு.

என்னைக் கேட்டால் .315 தான். இதில் கொஞ்சம் சொந்தப் பாசமும் உண்டு. 303 மீது, அந்தக் கால ராணுவ ரைஃபிள் மீது, ஆசைப்பட்டவன் நான். ஆனால் அது தடை செய்யப்பட்ட குழல் அளவு, சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்து தங்கள் மேலேயே திரும்பிவிடும் என்று வெள்ளைக்காரன் பயந்து போட்ட ஏற்பாட்டின் மிச்சம் அது. அதனால் 303-இன் லீ என்ஃபீல்டு போல்ட் அமைப்பை வைத்துக்கொண்டு, ஆஸ்திரிய நாட்டு 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்குக் குழல் போட்டு, வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்ததுதான் .315. அண்ணன் கிடைக்கவில்லை, தம்பியை வாங்கிக்கொண்டேன். போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளும்போது கைக்கு அதே எண்ணெய் வழுக்கல்.

திண்ணையில் இன்னொரு முன்னாள் ராணுவத்தார், எஸ்.எல்.ஆர். (தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பழைய ராணுவ ரைஃபிள்) பக்தர். “தம்பி, 20 தோட்டா, 7.62 மில்லிமீட்டர், விழுந்தவன் எழுந்திருக்க மாட்டான்” என்று ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை. எஸ்.எல்.ஆரைச் சுத்தம் செய்வது சுகம். பின்பக்கத் தாழைத் தள்ளினால் டபுள் பேரல் மாதிரி நடுவில் மடங்கித் திறந்து கொடுக்கும். கேஸ் ரெகுலேட்டரை, அதாவது வெடிவாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகை, சரியாகத் திருப்பத் தெரியாதவன் கையில்தான் அது முரண்டு பிடிக்கும். ஆனால் நாலு கிலோவுக்கு மேல் கனம். மலையில் தூக்கி நடந்தவனைக் கேளுங்கள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் வந்த புது ராணுவ ரைஃபிள் இன்சாஸ் பற்றி அவர் பேசவே விரும்பவில்லை. உள்ளே எத்தனை தோட்டா என்று வெளியிலிருந்தே தெரியும் அதன் மேகசின் (தோட்டாப் பெட்டி) நல்ல யோசனை. கார்கில் குளிரில் அது விரிசல் விட்டது கெட்ட பெயர். உதை குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். ஒரு கல்லூரிப் பையன் குறுக்கே புகுந்து, ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டுமா என்றான். 4.5 மில்லிமீட்டருக்குள், 20 ஜூலுக்குள் இருந்தால் வேண்டாம் என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் அன்றைக்கே வாங்கியிருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்தும் ஜூன் 4 முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவிப்பிலிருந்து 80 நாள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்படைத்த அன்று பாதுகாப்புக்காக என்று போல்ட்டுகளைக் கழற்றி ஒரு சாக்குப்பையில் போட்டார்கள். சீட்டில் ரைஃபிள் எண் மட்டும். ஜூன் மாதம் திரும்பக் கொடுத்தபோது பழக்க தோஷத்தில் போல்ட் கைப்பிடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தேன். என்னுடையது இல்லை. என்னைத் தவிர அங்கே .315 கொடுத்தவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார். அப்பா வைத்திருந்ததை வாரிசாக உரிமம் மாற்றி வைத்திருப்பவர். என் போல்ட் அவர் ரைஃபிளில் போய்விட்டது.

“ரெண்டும் ஒரே மாடல்தானே ஐயா, உள்ளே போகுது பாருங்க” என்றார் பணியில் இருந்த தம்பி. போகும். அதுதான் ஆபத்து. இந்த வகை ரைஃபிளில் போல்ட்டையும் அது பூட்டிக்கொள்ளும் ரைஃபிள் உடலையும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தித்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புவார்கள். தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் தலைக்கும் நடுவே இருக்கும் சந்து, தாள் கனத்தில் கூடினாலும் வெடிக்கும்போது பித்தளைக் கூடு அந்தச் சந்தில் இழுபட்டுக் கிழியலாம். கிழிந்தால் புகையும் நெருப்பும் பின்பக்கமாக வரும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவனின் கண். எங்கள் கோத்தில், அதாவது ஆயுத அறையில், போல்ட்டை மாற்றி வைத்த ஜவானுக்கு அன்று மாலை விளையாட்டு கிடையாது.

வாத்தியாரை வரவழைத்து நிலையத்திலேயே மாற்றிக்கொண்டோம். போல்ட் தனியாகக் கழன்று வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லையாம், நல்லதாகப் போயிற்று.

காவல் துறை அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். அடுத்த தேர்தலில் போல்ட்டைக் கழற்றுங்கள், தவறில்லை. ஆனால் அதை அந்தந்த ரைஃபிளின் டிரிகர் வளையத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். சீட்டில் போல்ட் எண்ணையும் எழுதுங்கள். கொடுக்கிற நாங்களும் குழலுக்குள் புல்த்ரூ (துடைக்கும் கயிறு) விட்டு, எண்ணெய்த் துணி ஓட்டிவிட்டுக் கொடுப்போம். என் குழல் முனையில் இந்த 80 நாளில் பிடித்த துரு இன்னும் முழுசாகப் போகவில்லை, அது என் கவனக்குறைவு.

அப்புறம், அந்தப் படத்தில் இடது ஓரத்தில் சுவரோடு சாய்ந்திருந்த ஒன்று, அது மட்டும் நிஜமான ரைஃபிள். பார்த்தால் .30-06 மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், ஆர்மரர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்