பில் புக்கில் போட்ட கணக்கு

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

‘கேம் ஆடக் கேமிங் பிசி வாங்கவா, டிவியில் மாட்டி ஆடுகிற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோல் வாங்கவா’ என்று புதன்கிழமை ராத்திரி நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பணக் கணக்கைப் போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பாய். அதனால் கடையிலிருந்த பில் புக்கை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கூட்டல் கழித்தலுக்கு இந்தக் கோடு போட்ட தாள் வசதியாகவும் இருக்கிறது.

போன வாரம் டிவி பாகம் வாங்க நாகர்கோவில் போனபோது, நீ சொன்ன கேமிங் பிசிக்கு ஒரு கடையில் கொட்டேஷன் கேட்டேன். பையன் பொறுமைசாலி. ப்ராசசர், மதர்போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றாக எழுதினான். திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கு வந்ததும் எனக்கு மூச்சு நின்றது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிட்டது. ரேம் விலையும் 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடக்கிறது. ஏஐ கம்பெனிகள் டேட்டா சென்டருக்கு அள்ளிக்கொண்டு போகிறார்களாம். கூட்டினால் 85,000. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் தனி.

பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. அப்புறம் இரண்டிலும் ஐயாயிரம் ஏற்றினார்கள். முப்பது வருடமாக நான் பார்த்த எந்த டிவியும் வந்த புதிதில் ஒரு விலை, இரண்டு வருடம் கழித்து அதைவிடக் குறைந்த விலை என்றுதான் போயிருக்கிறது. பிஎஸ்3 கூட அமெரிக்காவில் 2006-ல் 499 டாலர், 599 டாலர் என்று வந்து, 2009-ல் 299-க்கு இறங்கியது. இது மட்டும் தலைகீழாக ஏறுகிறது. ஆகவே ‘கொஞ்சம் பொறு, விலை குறையும்’ என்ற என் பழைய புத்திமதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கணக்குக்கு 55,000 என்று வைக்கிறேன்.

முப்பதாயிரம் வித்தியாசம். கன்சோல் பெட்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டிடிஎச்காரன் டிஷ்ஷைக் கிட்டத்தட்ட சும்மா மாட்டிவிட்டு மாதாமாதம் ரீசார்ஜில் எடுப்பான் இல்லையா, அந்த வழிதான். கன்சோல் பெட்டியை லாபமில்லாமல், சில நேரம் நஷ்டத்துக்கே விற்பார்கள். பிறகு விற்கிற ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுப்பார்கள். புதுசாக வரும் பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய் பக்கம். ஆன்லைனில் கூட்டாளிகளோடு ஆட வேண்டுமென்றால் பல கேம்களுக்கு வருடச் சந்தாவும் கட்ட வேண்டும். பிசியில் அந்தச் சந்தா கிடையாது. பிசி கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளுபடி வந்தால் பழைய கேம்கள் பாதிக்கும் கால்வாசிக்கும் கிடைக்கும். எபிக் என்ற இன்னொரு கடை வாராவாரம் ஏதாவது ஒன்றை இலவசமாகவே கொடுக்கிறது.

பிசியில் ஒரு கேமுக்கு 2,000 ரூபாய் மிச்சம் என்று நான் தாராளமாகவே போடுகிறேன். முப்பதாயிரத்தை ஈடுகட்டப் பதினைந்து கேம் வாங்க வேண்டும். நீ வருடத்துக்கு எத்தனை முடிக்கிறாய்? மூன்று என்று நீயே சொன்னாய். ஐந்து வருடம். அதற்குள் கிராபிக்ஸ் கார்டு பழசாகியிருக்கும். கன்சோல் தலைமுறையோ 2006, 2013, 2020 என்று ஏழேழு வருடம் ஓடியிருக்கிறது. ‘பிசி வேலைக்கும் ஆகும்’ என்று நீ சொன்னதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குக் கம்பெனி லேப்டாப் கொடுத்திருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு போட்டால் மலிவாக முடியும் என்றும் சொன்னாய். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டம்பரில், கார்டுகளை ஓட்டி நாணயம் எடுக்கிற மைனிங் முறையையே விட்டபோது, அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. நம் தெருப் பையன் ஒருவன் அப்படி ஒன்றை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தான். விசிறி இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன; தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. விசிறி மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஓடியது. விற்றவன் போனை எடுக்கவில்லை.

கரண்டையும் பார். பிஎஸ்5 ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். அந்த பிசி மானிட்டரோடு சேர்ந்து 400 வாட் வரை போகலாம், 72 யூனிட். இங்கே நமக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம். உனக்குச் சென்னையில் வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட்.

சரி, கன்சோல்தான் என்றால் எந்த மாடல்? டிஸ்க் மாடலையே வாங்கு. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலைத் தொடாதே. அதில் வாங்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது, கொடுக்க முடியாது, முடித்தாலும் காசு போனது போனதுதான். 4,999-க்கு வாங்கிய டிஸ்க்கை முடித்ததும் மூவாயிரத்துக்குத் தள்ளினால் உன் செலவு இரண்டாயிரம். நான்கு டிஸ்க்கில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். நான் பிசிக்குப் போட்ட மிச்சம்கூட அப்போது காணாமல் போகும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் வீடியோ கேம் கேசட் மாற்றிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பழையதைக் கொடுத்து இருபது ரூபாய் வைத்தால் வேறு கேசட். ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும், உள்ளே ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். பெட்டி விற்று நான் சம்பாதித்தது சொற்பம். அந்த இருபது ரூபாயில்தான் மழைக்காலம் ஓடியது. பிள்ளைகளுக்கும் நஷ்டமில்லை, ஒரே கேசட் தக்கலை முழுக்கச் சுற்றி மறுபடி என் கைக்கே வரும்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாம் இருவரும் கான்ட்ரா என்ற சுடுகிற ஆட்டம் ஆடுவோம். என் மூன்று உயிரும் அருவி வருகிற கட்டத்திலேயே போய்விடும். ‘ஏ’ பட்டனை அமுக்கி உன் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்வேன். நீ ‘அப்பா திருடுறார்’ என்று அம்மாவிடம் ஓடுவாய். எல்லா உயிரும் முடிகிறவரை நான் எடுத்திருக்கிறேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கன்சோலில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பிசி கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு இரணியல் ஸ்டேஷனில் இறங்க முடியுமா? ஹால் டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. ஐப்பசியில் வருகிறாய் என்றால் மட்டும் கவனம்: இடி வெட்ட ஆரம்பித்ததும் பிளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். இந்த மாவட்டத்தில் டிவி போர்டு போவதற்குப் பாதிக் காரணம் கேபிள் வழியாக வருகிற இடிதான். ஐப்பசியில் என் மேஜை நிறைவதும் அதனால்தான், குறை சொல்லவில்லை.

பழைய பெட்டியில் கைப்பிடி இரண்டு வரும். இதில் ஒன்றுதான் வைக்கிறார்களாம். இரண்டாவது கன்ட்ரோலர் வந்த புதிதில் 5,990 இருந்தது. இப்போது என்ன விலை என்று பார்த்துச் சொல், அதை மட்டும் நான் ஜிபே பண்ணிவிடுகிறேன்.

அப்பா