பழைய ஏடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், நம்பாதே. நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

நம் சபை வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதித் தரும்படி போதகர் ஐயர் கேட்டிருக்கிறார். பத்து நாளாகக் குருமனைத் திண்ணையில் பழைய ஏடுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஓரமெல்லாம் கரையான், பக்கத்தைப் புரட்டினால் தும்மல்.

எல்லாரையும் போல நானும் தரங்கம்பாடியிலிருந்துதான் ஆரம்பித்தேன். 1706 ஜூலை 9-ல் ஜெர்மனி மிஷனெரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை. அடுத்த பிப்ரவரியிலேயே சீகன்பால்கை அதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். முப்பத்தாறு வயது, தம்பி, உன் வயது. அதற்குள் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, நடுவில் நான்கு மாதம் கோட்டைச் சிறையிலும் இருந்திருக்கிறார். உன்னை ஒப்பிட்டுச் சொல்லவில்லை. நீயும் பெரிய ஆள்தான், ஐயரிடம்கூடச் சொன்னேன்.

எனக்கு மனசில் நின்றது வேறு. 1707 மே மாதம் அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஐந்தே பேருக்கு. டென்மார்க்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த ஐந்து பேரில்தான் எல்லாம் தொடங்கியது.

நம் சபையின் 'வளர்ச்சி' என்று ஒரு தலைப்புப் போடச் சொல்கிறார் ஐயர். கீற்றுக்கொட்டகை ஓடாகி, ஓடு கான்கிரீட்டாகி, கட்டடம் வளர்ந்தது உண்மை. ஞானஸ்நான ஏட்டில் முன்பு ஒரு வருஷத்துக்கு இரண்டு பக்கம் வந்தது. இப்போது ஒரே பக்கத்தில் மூன்று வருஷம் அடங்கிவிடுகிறது. இதை எந்தத் தலைப்பில் எழுத?

தாத்தா பெயர் இருக்கிறது, என் பெயர், உன் பெயர். பாப்பாவுக்கு வரும் மாதம் மூன்று வயது, இல்லையா? உங்கள் வீட்டுப் பக்கத்தில் லுத்தரன் கோயில் இருப்பதாகப் போன வருஷம் சொன்னாய். குளிரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம்தான். காதை மூடிக்கொண்டு போங்கள்.

ஏட்டில் உன் வரியைப் பார்த்தேன். பிறந்த தேதிக்கும் ஞானஸ்நானத் தேதிக்கும் நடுவே பதினாலு மாதம். மழை, பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். அது பொய். மணிக்கூண்டு நன்கொடைக் கல்லில் தாத்தா பெயரை ஆறாவதாகப் போட்டார்கள் என்று சண்டை பிடித்துக்கொண்டு நான் கோயில் பக்கமே போகவில்லை. உன்னையும் கொண்டுபோக விடவில்லை. ஞாயிறு மணி அடிக்கும்போது அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் நிற்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் போனபோது கவுன் உனக்குப் பத்தவில்லை. முதுகில் பொத்தான் எட்டாமல் அம்மா ஊக்குக் குத்தினாள். நீ நடந்தே போய்த் தொட்டித் தண்ணீரைக் கையால் அடித்தாய், ஐயர் அங்கி நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

கல் அங்கேயேதான் இருக்கிறது, தாத்தா ஆறாவதாகத்தான் இருக்கிறார். புத்தகத்தில் இதை எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ஆராதனை முடிந்து பத்தரைக்கு வீட்டில் இருப்போம். அந்தக் கவுனை அம்மா நேற்று வெயிலில் போட்டாள், சும்மாதான். தையலைப் பிரித்துவிட இடம் இருக்கிறதாம். பாப்பாவுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை எத்தனை அங்குலம் என்று எழுதச் சொன்னாள்.

அப்பா