ஒரே ஒரு ஹைட்ரஜன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எனக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. பகலிலும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மருந்து ஆராய்ச்சி என்கிறாய், சோதனைக் குழாயைத் தொட்டதே இல்லை என்கிறாய், அப்படி என்னதான் வேலை?" என்று போனில் கேட்டீர்கள். சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

புரதத்தில் ஒரு குழி இருக்கும். அதில் ஒரு சின்ன மூலக்கூறு போய் உட்கார்ந்துகொண்டால் புரதத்தின் வேலை நின்றுபோகலாம். பல மருந்துகள் செய்வது இதைத்தான். எது எவ்வளவு பிடிப்பாக உட்காரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் வேலை. 1894-இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். ஆனால் இந்தப் பூட்டு சும்மா இருக்காது, சாவிக்குத் தகுந்தபடி தானும் வளையும்.

முதலில் டாக்கிங். லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் குழிக்குள் திருப்பித் திருப்பி வைத்து மதிப்பெண் போடும். வேகமான முறை, ஆனால் மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது. பிடிப்பின் ஆற்றலைக் கணக்கிடுவதில் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிசகினாலே பிடிப்பு பத்து மடங்கு மாறிவிடும்.

அப்புறம் சிமுலேஷன். புரதத்தைத் தண்ணீருக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு அணுவும் எப்படி நகரும் என்று நியூட்டன் விதிப்படி கணக்கிடுவோம். ஒரு தடவை கணக்கிட்டால் 2 ஃபெம்டோ விநாடி நகரும் என்றால், ஒரு மைக்ரோ விநாடியை, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்க 50 கோடி தடவை கணக்கிட வேண்டும். 1977-இல், பின்னாளில் நோபல் வாங்கிய மார்ட்டின் கார்ப்ளஸின் குழு முதல்முதலாக ஒரு புரதத்தின் அசைவைக் கணக்கிட்டபோது 10 பிக்கோ விநாடியைக்கூட எட்டவில்லை; ஒரு மைக்ரோ விநாடிக்குப் பத்து லட்சம் பிக்கோ விநாடி. இன்று என் கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஐந்து நாளில் ஒரு மைக்ரோ விநாடி ஓட்டுகிறது. கேம் விளையாட வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தானே, அதே ஜாதிக் கார்டுதான். அவனிடம் சொல்லாதீர்கள்.

வந்த புதிதில் எல்லாரும் "ராமா, ராமா" என்று பேசிக்கொண்டார்கள். விசாரித்தால், நம் ஜி. என். ராமச்சந்திரன்! 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் குழு வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புரத வடிவம் சரியா என்று பார்க்கிறார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

போன மாதம் அந்தக் கால் நன்றாகவே தரைக்கு வந்துவிட்டது. என் பட்டியலில் முதலிடம் பிடித்த மூலக்கூறைச் சோதித்தார்கள். ஒட்டவே இல்லை. சோதனை செய்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நேர்கோடாகக் கிடந்த வரைபடத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தேடிப் பார்த்தால் காரணம் ஒரே ஒரு ஹைட்ரஜன். எக்ஸ்ரே மூலம் எடுக்கும் வடிவத்தில் பெரும்பாலும் ஹைட்ரஜன் தெரியாது. நாம்தான் வைக்க வேண்டும். குழியின் ஓரத்தில் ஒரு ஹிஸ்டிடின், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. அதன் வளையத்தில் இரண்டு நைட்ரஜன். ஹைட்ரஜன் இதிலும் இருக்கலாம், அதிலும் இருக்கலாம், இரண்டிலும்கூட இருக்கலாம். மென்பொருள் தன்போக்கில் ஒன்றில் வைத்தது, நான் பார்க்காமல் விட்டேன். மற்றதில் வைத்துத் திரும்ப ஓட்டினேன். என் முதல் ராங்க் மூலக்கூறு மெதுவாக நழுவி வெளியே வந்துவிட்டது. மூன்று வார வேலை, அப்பா.

இப்போது திருத்திய புரதத்தில் வேறு ஆறு மூலக்கூறுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது இரண்டாவது முடிந்திருக்கும். அம்மாவிடம் நான் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்