கேட்பவர்கள் இருக்கும் படங்கள்

அன்பு மகனுக்கு,

வளரிளம் பருவத்தையும் காதலையும் சொல்லும் படங்களாகத் தேடி அண்மையில் சில பார்த்தேன். அவற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியவை முத்தமும் பிரிவும் அல்ல. ஒருவர் பேச, மற்றவர் முழு மனத்தோடு கேட்கும் காட்சிகள்தான்.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் 'தி 400 புளோஸ்' (1959) படத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கியே பழகிய அந்துவான் என்னும் சிறுவன், சிறார் காப்பகத்தில் ஓர் உளவியலாளரின் கேள்விகளுக்கு விடை சொல்கிறான். கேள்வி கேட்பவரின் குரல் மட்டுமே ஒலிக்கிறது. முகம் ஒருமுறைகூடத் திரைக்கு வருவதில்லை. கேமரா அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தான் உண்மையைச் சொன்னாலும் பெற்றோர் நம்புவதில்லை, அதனால் பொய் சொல்வதே மேல் என்று அவன் இயல்பாகச் சொல்லும்போது, அதுவரை அவன் செய்த திருட்டுக்கும் ஓட்டத்துக்கும் பின்னால் இருந்த தனிமை முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. நடித்த சிறுவன் ழான்-பியர் லெயோ அந்த விடைகளில் பலவற்றை எழுதிவைத்த வசனமாக அல்லாமல் தன் சொந்தச் சொற்களிலேயே சொன்னான் என்று அறிந்தபின், அந்தக் காட்சியை மறுபடியும் பார்த்தேன்.

அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் ஒரே நடிகர்களை வைத்து 12 ஆண்டுக் காலத்தில் எடுத்த 'பாய்ஹூட்' படம் நடுவில் எனக்குச் சற்றுத் தொய்வாகவே இருந்தது. அவருடைய 'பிஃபோர் சன்ரைஸ்' (1995) அப்படியல்ல. ரயிலில் அறிமுகமான இருவர் வியன்னா நகரில் ஓர் இரவு முழுவதும் நடந்தபடி பேசுகிறார்கள். நேரில் சொல்லக் கூச்சப்படுவதை, தோழிக்குத் தொலைபேசியில் சொல்வதுபோல் செலின் நடிக்க, எதிரே அமர்ந்திருக்கும் ஜெஸ்ஸியே அந்தத் தோழியாகிக் கேட்கிறான். காதல் வசனம் என்று தனியாக ஒன்று தேவைப்படாத அழகு அது.

நம் '96' (2018) படத்தில், பள்ளி நாட்களில் ராம் எத்தனை முறை விரும்பியும் ஜானு பாடாத 'யமுனை ஆற்றிலே' பாடலை, பல ஆண்டுகள் கழித்து, இருள் சூழ்ந்த அவன் வீட்டில் அவளாகவே பாடுகிறாள். மறுக்கும் பெண்ணைத் துரத்துவதையே காதல் என்று நம் படங்கள் நெடுங்காலம் காட்டிவந்தன. அது எனக்கு ஒருநாளும் உவப்பாக இருந்ததில்லை. ராமோ அவள் வாழ்வுக்குள் வலிந்து நுழையாமல், அவள் சொல்வதைக் கேட்டு, அவளை மதித்து விடைகொடுக்கிறான். அவன் தன் வாழ்க்கையை அந்தப் பழைய வகுப்பறையிலேயே நிறுத்திக்கொண்டதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. அப்படி நின்றுவிடாமலும் ஒருவரை ஆழமாக நேசிக்க முடியும் என்றே நான் நம்புகிறேன்.

உன் மனத்துக்குப் பிடித்த பெண்ணைப் பற்றிச் சென்ற முறை பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாய். அடுத்த முறை அழைக்கும்போது மீதியையும் சொல். நீ முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
அம்மா